பெட்டியில் சுருட்டி வரும் ஃபோமா, கடையில் விற்கும் ஸ்பிரிங்கா? மெத்தைக் கேள்விகள்

போன இதழில் கட்டில் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கட்டிலை விட்டுவிட்டு மெத்தையைத்தான் கேட்கின்றன. சரி, இந்த முறை முழுக்க மெத்தை.

எங்கள் பழைய பஞ்சு மெத்தை கட்டி தட்டிப்போய்விட்டது. கடைக்குப் போனால் எட்டு இன்ச் ஸ்பிரிங் மெத்தையைக் காட்டுகிறார்கள். பெட்டியில் சுருட்டி வரும் ஃபோம் மெத்தை அதில் பாதி விலைக்குக் கிடைக்கும், அதையே வாங்கலாம் என்கிறான் மகன். என் கணவர் தொண்ணூறு கிலோவுக்கு மேல், நான் ஐம்பத்தைந்து. எதை வாங்குவது?
— வாசகி, பெரம்பூர்

உங்கள் வீட்டுக்கு ஸ்பிரிங்தான், அதிலும் பாக்கெட் ஸ்பிரிங். மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்களுக்குள் எடை வித்தியாசம் அதிகம். விலை குறைந்த ஃபோமில் கனமானவர் இடுப்பு படுகிற இடம் நாளடைவில் அமுங்கி, அமுங்கி, எழுந்து வராமலே போய்விடும். அதன்பின் எடை குறைந்தவர் தூக்கத்தில் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சரிந்துகொண்டே இருப்பார், காலையில் இருவருக்குமே முதுகு பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் கம்பி அந்த எடையை அதிக நாள் தாங்கும். நடுவில் காற்று போய்வர இடமும் இருக்கிறது, சென்னைப் புழுக்கத்துக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் "ஸ்பிரிங்" என்று பொதுவாகச் சொல்லி விற்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பானல் ஸ்பிரிங்கா, பாக்கெட் ஸ்பிரிங்கா என்று கேளுங்கள். பானல் என்பது நடுவில் இடுப்பு சிறுத்த சுருள்கம்பிகளை ஒன்றோடொன்று கம்பியால் பின்னியது. ஒரு மூலையில் ஒருவர் புரண்டால் மறு மூலையில் இருப்பவருக்கும் ஆட்டம் தெரியும். பாக்கெட்டில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும், அழுத்திய சுருள் மட்டும்தான் இறங்கும். இது புதுச் சரக்கும் இல்லை. கனடாவில் வாழ்ந்த ஜேம்ஸ் மார்ஷல் என்ற பொறியாளர் 1900 வாக்கிலேயே செய்துவிட்டது, நம் ஊரில் பரவலாகக் கிடைக்கத்தான் இத்தனை காலம் ஆனது.

கடையில் பார்ப்பதற்கு ஒரே வழி, இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுங்கள். ஓரத்தில் உட்கார்ந்து கையால் அமுக்கிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. நீங்கள் வழக்கமாக எப்படித் தூங்குவீர்களோ அப்படிப் படுங்கள், கணவரைப் புரளச் சொல்லுங்கள், பத்து நிமிஷமாவது ஆகட்டும், கடைக்காரர் என்ன நினைப்பார் என்ற கூச்சமே வேண்டாம். மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்கு ரொம்பக் கெட்டி. உடம்பு புதைந்து கை நுழையவே இடமில்லை என்றால் ரொம்ப மெது. கொஞ்சம் உரசிக்கொண்டு நுழைந்தால் சரி.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. ஸ்பிரிங் மெத்தையிலும் மேலே ஒன்றிரண்டு இன்ச் ஃபோம்தான் இருக்கிறது. ஸ்பிரிங் மெத்தையில் குழி விழுந்துவிட்டது என்று வருகிறவர்களில் பலருக்குக் கம்பி நன்றாகவே இருக்கும், மேல் ஃபோம்தான் செத்திருக்கும். அதனால் மேலடுக்கு என்ன ஃபோம், டென்சிட்டி (அடர்த்தி) எவ்வளவு என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இப்போது மகன் சொன்னதற்கு வருகிறேன். விலை குறைய நேர்மையான காரணமும் உண்டு. ஸ்பிரிங் மெத்தையை லாரியில் ஏற்றினால் பெரும்பகுதி காற்றைத்தான் ஏற்றுகிறோம், சுருட்டிய மெத்தை அதில் சிறு பகுதி இடத்தில் அடங்கிவிடும். ஷோரூம் வாடகையும் இல்லை. வாடகை வீட்டில் இருந்து அடிக்கடி மாறுகிறவர்கள், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் குறுகலான படிக்கட்டில் ஏற்ற வேண்டியவர்கள், தனியாகப் படுப்பவர்கள், உடம்பு எழுபது கிலோவுக்குள் இருப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் நல்ல ஃபோம் மெத்தை தாராளமாகப் போதும். மகனுக்குத் தனியாக ஒன்று தேவைப்பட்டால் அதையே வாங்கிக் கொடுங்கள்.

டென்சிட்டி 32, 40 என்று போடுகிறார்களே, 40 என்றால் கெட்டியான மெத்தை என்று அர்த்தமா? அவர்கள் போட்டது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வங்கி ஊழியர், ஈரோடு

டென்சிட்டி என்பது கனம். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கிறது என்ற கணக்கு. கெட்டியா மெதுவா என்பது வேறு, ஒரே 40 டென்சிட்டியில் மெதுவாகவும் செய்யலாம், பலகை மாதிரியும் செய்யலாம். டென்சிட்டி சொல்வது முக்கியமாக எத்தனை நாள் உழைக்கும் என்பதை.

சரிபார்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது, பலருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 78-க்கு 60 இன்ச், 6 இன்ச் தடிமன் மெத்தை என்று வைத்துக்கொள்வோம். அதன் பருமன் கிட்டத்தட்ட 0.46 கன மீட்டர். முழுக்க 32 டென்சிட்டி என்றால் ஃபோம் மட்டும் 15 கிலோவுக்குச் சற்றே குறைவாக இருக்க வேண்டும், 40 என்றால் பதினெட்டரை கிலோவுக்குச் சற்றே குறைவு. மேலே உறைக்கு ஒன்றிரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்ததும் பிரிக்காமல் எடை பார்க்கும் மெஷினில் நிமிர்த்தி நிறுத்துங்கள். மொத்தமே பத்து கிலோதான் காட்டுகிறது என்றால் உள்ளே இருப்பது இருபது டென்சிட்டி கூட இல்லை, அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புங்கள். கூரியர் லேபிளில் இருக்கும் எடையை நம்பாதீர்கள், அது சில சமயம் பெட்டியின் அளவை வைத்துப் போட்ட கணக்காக இருக்கும்.

ஒரே இடத்தில்தான் இந்தக் கணக்கு ஏமாற்றும். ரீபாண்டட் ஃபோம் என்று ஒன்று இருக்கிறது. வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளைப் பொடித்துப் பசை போட்டு அழுத்திச் செய்வது. ஜிப்பைத் திறந்தால் பச்சை, மஞ்சள், ரோஸ் என்று கலர் கலராகத் துணுக்குகள் தெரியும். அது நல்ல கனமாக, கெட்டியாக இருக்கும். அடியில் ஒரு அடுக்காகப் போட்டால் குற்றமில்லை. அதை வைத்து மொத்த எடையைக் கூட்டிக் காட்டுகிறார்களா என்று மட்டும் ஜிப்பைத் திறந்து பாருங்கள். ஜிப்பே இல்லாத உறை என்றால், ஒவ்வொரு அடுக்கும் என்ன, எத்தனை இன்ச் என்று வாங்குவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

இத்தனை பெரிய மெத்தையை நசுக்கிச் சின்னப் பெட்டியில் அடைத்தால் ஃபோம் கெட்டுப்போகாதா? ஆடித் தள்ளுபடியில் வாங்கி வைத்துவிட்டு தை மாத கிரகப்பிரவேசத்துக்குப் பிரிக்கலாம் என்று இருக்கிறோம்.
— வாசகர், தஞ்சாவூர்

அடைப்பதால் கெடாது. பாலியூரித்தேன் ஃபோமில் லட்சக்கணக்கான நுண்ணிய திறந்த அறைகள் இருக்கின்றன. மெஷினில் அமுக்கும்போது காற்று வெளியேறும், பிளாஸ்டிக்கில் ஒட்டிச் சுருட்டிவிடுவார்கள், பிரித்ததும் காற்று உள்ளே போய்த் தன் உருவத்துக்கு வந்துவிடும். ஆனால் ஆடியில் வாங்கி தையில் பிரிப்பது கூடவே கூடாது. ஐந்தாறு மாதம் நசுங்கியே கிடந்தால் சில இடங்கள் முழுசாக எழும்பாது, அதுவும் புரட்டாசி வரைக்கும் அடிக்கிற வெயிலில் பூட்டிய அறைக்குள் கிடந்தால் இன்னும் மோசம். தள்ளுபடி எல்லாப் பண்டிகைக்கும் வருகிறது. வீட்டுக்குக் குடிபோகும் வாரத்தில் வரவழையுங்கள்.

பிரிக்கும்போது ஒரு கவனம். பெட்டியிலிருந்து உருளையை எடுத்து முதலில் கட்டில் மேல் வைத்துவிட்டு, அப்புறம் பிளாஸ்டிக்கை வெட்டுங்கள். ஹாலில் பிரித்துவிட்டால் அதன்பின் படுக்கையறைக்குத் தூக்கிப் போவதற்கு நாலு பேர் வேண்டும். கத்தியை ஆழமாக இறக்காதீர்கள், கத்திரிக்கோலால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு போதும், உஸ்ஸென்று காற்று இழுக்கும், மீதி தானாக விரியும். நடுப்பகுதி முதலில் எழும்பும், மூலைகள் கடைசியாகத்தான் வரும், ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். புது ஃபோம் வாடை அடிக்கும். ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டுவிடுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் வாடை போகும்வரை அவரை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

பெட்டியில் வந்தால் ஃபோம்தான் என்றும் நினைக்க வேண்டாம். பாக்கெட் ஸ்பிரிங்கையும் இப்போது சுருட்டி அனுப்புகிறார்கள், தனித்தனிப் பையில் இருப்பதால் அது சுருட்டலுக்கு வளைந்து கொடுக்கும்.

முதுகு வலிக்கு "ஆர்த்தோ" மெத்தைதான் வேண்டும், எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கட்டாந்தரையில் பாய் போட்டுப் படுத்தும் வலி குறையவில்லை.
— பள்ளி ஆசிரியை, விருதுநகர்

ஆர்த்தோ என்பது விற்பனைப் பெயர். அந்தப் பெயரைப் போடுவதற்கு எந்த மருத்துவப் பரிசோதனையும் பாஸ் ஆக வேண்டியதில்லை, அதனால் பெயருக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

கெட்டி நல்லது என்பதை ஸ்பெயினில் ஒழுங்காகச் சோதித்திருக்கிறார்கள். நெடுநாள் இடுப்பு வலி உள்ள 313 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நல்ல கெட்டியான மெத்தை, மறு பாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்குத்தான் படுக்கையில் இருக்கும்போதும் எழும்போதும் வலி அதிகம் குறைந்திருந்தது. காரணம் புரிந்துகொள்ள முடிகிறது, பலகை மாதிரியான படுக்கையில் தோளும் இடுப்பெலும்பும்தான் பாரம் தாங்குகின்றன, நடு முதுகு அந்தரத்தில் நிற்கிறது. நீங்கள் ஒருக்களித்துப் படுப்பவர் என்றால் இது இன்னும் கூடுதலாகத் தெரியும்.

ஃபோமிலும் நடுத்தரக் கெட்டி கிடைக்கும், ஸ்பிரிங்கிலும் கிடைக்கும். ஆனால் காலுக்கு வலி இறங்குகிறது, மரத்துப்போகிறது என்றால் மெத்தைக் கடைக்கு முன்னால் எலும்பு டாக்டரிடம் போங்கள். மெத்தையால் தீராத விஷயம் அது.

மெமரி ஃபோம் நாசா கண்டுபிடித்தது, உடம்புக்கு ஏற்றபடி வளையும் என்று விளம்பரம். வாங்கினேன். மதுரை வெயிலில் இரவு முழுக்க முதுகு நனைகிறது. ஏசி இல்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், மதுரை

நாசா என்பது உண்மைதான். 1966-இல் சார்லஸ் யோஸ்ட் என்பவர் விமான இருக்கைக்காக அங்கே உருவாக்கியது. மெத்தையாக 1990களில்தான் பரவியது, அதுவும் முதலில் சுவீடன் போன்ற குளிர் நாட்டில். அதன் இயல்பே உடம்புச் சூட்டில் இளகுவது. சூட்டில் இளகி உடம்பைச் சுற்றி இறுக்கமாக அணைத்துக்கொள்ளும்போது காற்றுக்கு இடமே இல்லாமல் போகிறது. மொட்டை மாடிக்குக் கீழ் அறை என்றால் பகல் முழுக்க கான்கிரீட் குடித்த சூடு இரவில் இறங்கும், மெத்தை இன்னும் இளகும். "கூல் ஜெல்" கலந்தது படுத்த கொஞ்ச நேரம் குளுகுளுவென்று இருக்கும், பிறகு உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும்.

மெத்தையைத் தூக்கிப் போட வேண்டாம். முதலில் உறையைப் பாருங்கள். நீர் புகாத பிளாஸ்டிக் பூச்சு உறை போட்டிருந்தால் பாதி வியர்வை அதனால்தான், எடுத்துவிட்டுக் கெட்டியான பருத்தி உறை போடுங்கள். மேலே ஒரு மெல்லிய இலவம்பஞ்சு மெத்தையோ, தடித்த பருத்திப் போர்வையோ விரியுங்கள். அடியில் என்ன கட்டில் என்பதும் முக்கியம். சாமான் வைக்கிற பெட்டிக் கட்டிலில் முழு பிளைவுட் பலகை போட்டிருந்தால் சூடும் ஈரமும் போக வழியில்லை, பலகையில் கையகல இடைவெளிக்கு ஒன்றாகத் துளை போட்டுத் தரச் சொல்லுங்கள், தச்சருக்குச் சின்ன வேலைதான்.

இனி வாங்குகிறவர்களுக்கு: ஏசி இல்லாத அறை, கடலோர ஊர், மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறை, இந்த மூன்றில் எது இருந்தாலும் மெமரி ஃபோம் வேண்டாம். பாக்கெட் ஸ்பிரிங் வாங்குங்கள், அல்லது துளையிட்ட லேடெக்ஸ் வாங்குங்கள். லேடெக்ஸ் ரப்பர் பாலில் செய்வது, விலை கூட, நெடுநாள் வரும். ஊட்டி, கொடைக்கானல் வாசகர்கள் மெமரி ஃபோம் வாங்கலாம், ஆனால் குளிர் காலத்தில் படுத்ததும் கட்டை மாதிரி இருக்கும், கொஞ்சம் சூடேறிய பிறகுதான் இளகும்.

பையன் படுக்கையில் சிறுநீர் போய்விடுகிறான். ஃபோம் மெத்தையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி மொட்டை மாடியில் காயப்போடுகிறேன். மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிர்கிறது. மட்டமான மெத்தையா?
— வாசகி, நாகர்கோவில்

மெத்தை மட்டம் என்று சொல்ல முடியாது. நேர் வெயில் ஃபோமுக்கு எதிரி. பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டியே வளர்ந்த நமக்கு இது மனசுக்கு ஒப்பாது, ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் பாலியூரித்தேனை மஞ்சளாக்கி நொறுக்கிவிடும். தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, நடுவில் இறங்கிய ஈரம் வெளியே வராது, பூஞ்சை பிடிக்கும். பட்ட உடனே பழைய துண்டால் அழுத்தி ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றுங்கள், பிறகு சமையல் சோடாவைத் தூவி சில மணி நேரம் விட்டு எடுத்துவிடுங்கள். நிழலில் சுவரில் சாய்த்து ஃபேன் காற்றில் காயட்டும். இந்த வயதுக்கு நீர் புகாத உறை கட்டாயம், அவன் மெத்தைக்கு மட்டும் போடுங்கள். பையனைத் திட்டாதீர்கள், அது அவன் கையில் இல்லை.

கடலோரத்தில் இருப்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் மெத்தையில் ஈரம் இறங்கினால் உப்புக் காற்றும் சேர்ந்து கம்பி துருப்பிடிக்கும், முதலில் கிறீச் சத்தம், அப்புறம் துணியில் பழுப்புக் கறை. அதனால் சின்னப் பிள்ளை படுக்கிற மெத்தைக்கு ஸ்பிரிங் யோசிக்க வேண்டாம்.

கைக்குழந்தையை எங்கள் மெமரி ஃபோம் மெத்தையில் படுக்க வைக்கலாமா?
— இளம் தாய், ஓசூர்

வேண்டவே வேண்டாம். குப்புற விழுந்தால் முகம் புதைந்து மூச்சு முட்டும். குழந்தைக்குத் தட்டையான, கெட்டியான தனிப் படுக்கை, மல்லாந்து படுக்க வையுங்கள், தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. அப்படியே கொசுவத்திச் சுருளையும் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஃபோம் பற்றிக்கொண்டால் மிக வேகமாக எரியும், புகையும் கொடியது. இதை எல்லா வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"நூறு இரவு படுத்துப் பாருங்கள், பத்து வருஷ வாரண்டி" என்பதை நம்பி வாங்கினேன். நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. போட்டோ அனுப்பினால் "அளவு போதாது, கறையும் இருக்கிறது" என்று மறுக்கிறார்கள்.
— வாசகர், திருப்பூர்

இதில் இரண்டு பேச்சு இருக்கிறது. பல வாரண்டிகளில் ஆள் படுக்காதபோது குழியின் ஆழம் ஒரு இன்ச்சாவது இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள், கறை இருந்தால் வாரண்டி இல்லை என்றும் போட்டிருப்பார்கள். அதைப் படித்துப் பாருங்கள். ஒரு மட்டக்கம்பையோ நேரான மரச்சட்டத்தையோ மெத்தையின் குறுக்கே வைத்து, குழியில் ஸ்கேலை நிறுத்தி, அளவு தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள். கட்டிலின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், நைலான் நாடாக் கட்டிலிலோ, சட்டங்களுக்கு நடுவே நிறைய இடைவெளி விட்ட கட்டிலிலோ போட்டிருந்தால் அதையே காரணம் சொல்வார்கள்.

அளவு சரியாக இருந்தும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல வழக்குகள் அந்தக் கட்டத்திலேயே முடிகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

இன்னும் வாங்காதவர்கள் நூறு இரவு விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் பின்கோடுக்கு வந்து திரும்ப எடுத்துப் போவார்களா என்பதுதான். விரிந்த மெத்தையை வீட்டில் யாராலும் திரும்பச் சுருட்டிப் பெட்டியில் அடைக்க முடியாது.

மாமியார் போடிநாயக்கனூரிலிருந்து இலவம்பஞ்சு வரவழைத்துத் தைத்துத் தருகிறேன் என்கிறார். ஃபோம், ஸ்பிரிங் எல்லாம் வீண் செலவு என்கிறார்.
— வாசகி, தேனி

அவர் பேச்சைக் கேளுங்கள், போடிப் பஞ்சு அருமையான பஞ்சு. சூடு பிடிக்காது, வெயிலில் போடலாம், கட்டி தட்டினால் பிரித்துக் கொட்டி மறுபடி தைக்கலாம். ஃபோமுக்கும் ஸ்பிரிங்குக்கும் இந்த வசதி கிடையாது. முழங்கால் வலியோ நிரந்தர முதுகு வலியோ உள்ளவர்களுக்கு மட்டும் கீழே ஒரு நான்கு இன்ச் ரப்பர் கலந்த தேங்காய்நார் மெத்தையைப் போட்டு அதன் மேல் இதை விரியுங்கள், இல்லாவிட்டால் பஞ்சு அமுங்கி இடுப்பு கீழே போய்விடும்.

அப்பா பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருக்கிறார். நல்ல ஃபோம் வாங்குவதா, ஸ்பிரிங் வாங்குவதா?
— வாசகர், கும்பகோணம்

இரண்டும் வேண்டாம். படுக்கைப் புண் வராமல் பார்ப்பதுதான் இங்கே முக்கியம். மெடிக்கல் கடைகளில் ஏர் பெட் என்று கேளுங்கள், மோட்டார் வைத்து ஒரு வரிசைக் குமிழ் உப்பும்போது அடுத்த வரிசை அடங்குகிற வகை. அதை இருக்கிற கெட்டியான மெத்தை மேலேயே விரிக்கலாம், பல ஊர்களில் வாடகைக்கும் கிடைக்கிறது. அது இருந்தாலும் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், உங்கள் டாக்டரிடம் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் குளிப்பாட்டும்போது குதிகால், வால் எலும்பு, இடுப்பு ஓரம், தோள்பட்டை எல்லாவற்றையும் பாருங்கள். எங்காவது சிவந்திருந்து, விரலால் அழுத்தி எடுத்தும் அந்தச் சிவப்பு மறையவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அந்த இடம் சூடாகவோ கெட்டிப்பட்டோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.